கோணல் குளியலறையும் ஒரு குட்டைச் சுவரும்

தரைக்கும் சுவருக்கும் டைல்ஸ் பதிக்கும் அந்த மனிதரைக் கூட வேலை செய்கிறவர்கள் குமிழி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது, யாரும் அதைத் தொந்தரவு செய்வதில்லை. ரசமட்டத்தின் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழி ஓடிக்கொண்டிருக்கும். அது இரண்டு கோடுகளுக்கு நடுவே வந்து நிற்கும்வரை மனிதர் மூச்சு விடமாட்டார். பக்கத்தில் யாராவது பேசினாலும் கையைக் காட்டி அடக்கிவிடுவார். அதனால் வந்த பெயர். வயது ஐம்பத்து நான்கு. முழங்கால்கள் மட்டும் எழுபதைத் தாண்டிவிட்டன. உட்காரும்போது ஒரு முனகல், எழுந்திருக்கும்போது இரண்டு.

புது வீட்டு வேலைக்கு யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம். பழைய வீட்டுக் குளியலறையைப் பிரித்துப் போட்டுப் புதிதாக்க வேண்டும் என்றால்தான் குமிழியைத் தேடுவார்கள். பழைய வீட்டில் நேரான குளியலறை என்று ஒன்று கிடையாது. கட்டியவர்கள் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நூல் பிடித்துக் கட்டிவிட்டு, மிச்சம் விழுந்த மூலையைத்தான் குளியலறைக்குத் தள்ளியிருப்பார்கள். ஒரு முனையில் ஐந்தடி இருக்கும், மறுமுனையில் நாலேமுக்கால். ஜன்னல் நடுவில் இருக்காது. கழிவு போகும் குழாய் அதற்கு மனம்போன இடத்தில் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். சுவர் நட்டுக்குத்தாக நிற்கிற மாதிரி பாவனை காட்டும், மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் பல்லை இளிக்கும்.

இதையெல்லாம் இடித்துக் கட்டவா முடியும்? கோணலைத் தீர்க்க முடியாது, இடம் மாற்றி வைக்கத்தான் முடியும் என்பது குமிழியின் கட்சி. கதவைத் திறந்ததும் கண் எங்கே போய் விழுகிறது என்று முதலில் பார்ப்பார். அங்கே முழு டைல்ஸ் வரவேண்டும். சுவரிலிருந்து ஆரம்பிக்கவே மாட்டார். அறையின் நடுவில் ஒரு கோடு போட்டு, அங்கிருந்து இரண்டு பக்கமும் சமமாகப் பிரிப்பார். வெட்டுத் துண்டுகளையெல்லாம் கம்மோடுக்குப் பின்னால், அலமாரிக்கு அடியில், கதவு மறைவில் கொண்டுபோய்ச் சேர்ப்பார். சுவர்ப் பூச்சை இந்த முனையில் கனமாகவும் அந்த முனையில் மெல்லிசாகவும் இழுத்துக் கோணலைக் கரைப்பார். ஜன்னல் வலது ஓரமாக இருந்தால் இடது ஓரத்தில் அதே அகலத்துக்கு ஒரு மாடம் குடைந்து ஜோடி சேர்த்துவிடுவார். வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இப்பதான் ரூம் நேரா இருக்கு" என்பார். ரூம் அப்படியேதான் இருக்கிறது என்று குமிழி சொல்லமாட்டார்.

அதோடு அந்த அறைக்கும் அவருக்கும் உள்ள உறவு முடிந்தது. வீட்டுக்காரர்கள் நல்லவர்கள்தான், தேநீர் தருவார்கள், உட்காரச் சொல்லி நாற்காலி போடுவார்கள். ஆனால் புதுக் குளியலறையை வேலைக்கு வந்தவர்கள் உபயோகிப்பதை மட்டும் எந்த வீட்டிலும் விரும்புவதில்லை. "தெருக்கோடியில இருக்கு, போயிட்டு வந்துடுங்க" என்று வெகு மரியாதையாகச் சொல்வார்கள். முப்பது வருடத்தில் எழுநூறு எண்ணூறு கம்மோடுகளை நட்டிருப்பார். அவற்றில் ஒன்றில்கூட அவர் உட்கார்ந்ததில்லை. அதில் அவருக்கு வருத்தம் என்று ஒன்றும் கிடையாது. யோசித்துப் பார்த்ததே இல்லை, அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவருக்கு, ஒரு பெரிய வேலை முடிந்து பத்து நாள் முழங்காலை நீட்டிப் படுக்கலாம் என்று இருந்தபோது, அக்காவின் போன் வந்தது.

"அவரை அடுத்த வாரம் வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம்டா" என்றாள் அக்கா. "பாத்ரூமைக் கொஞ்சம் வந்து பாக்குறியா?"

அத்தான் தையற்காரர். கடைத்தெருவில் ஒரு மாடிப்படிக்கு அடியில், ஆள் நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும் இடத்தில், முப்பத்தைந்து வருடம் கோட்டும் சட்டையும் தைத்தவர். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில், கத்தரிக்கோல் கையில் இருக்கும்போதே, வலது கையும் வலது காலும் ஓய்ந்துபோயின. பேச்சும் குழறியது. மருத்துவமனையில் ஒரு மாதம், நடைப்பயிற்சி கொடுக்கும் இடத்தில் ஒரு மாதம். பேச்சு பாதி திரும்பிவிட்டது. கால் இழுத்து இழுத்து நடக்கிறது. வலது கை மட்டும் தோளிலிருந்து சும்மா தொங்கியது.

அவருக்குத் துணையாக இருந்தது அக்கா ஒருத்திதான். அவளுக்கோ இரண்டு வருடத்துக்கு முன்தான் முதுகில் ஆபரேஷன் ஆனது. கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார். அந்த முதுகோடுதான் இரண்டு மாதமாக, நாளைக்கு ஏழெட்டுத் தடவை, அத்தானின் அக்குளில் கை கொடுத்து உட்காரவைத்து எழுப்பிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் அவளைத்தான் படுக்கவைக்க வேண்டும் போலிருந்தது. மகன் வேறு ஊரில் இருக்கிறான். கெட்டவன் இல்லை, பயந்தவன். அப்பாவை முதியோரைக் கவனிக்கும் இல்லம் ஒன்றில் சேர்த்துவிட்டு அம்மாவைத் தன்னோடு அழைத்துக்கொண்டு போவதாக முடிவெடுத்து, இடமும் பார்த்து வைத்துவிட்டான். அக்கா போனிலேயே சண்டை போட்டுக் கடைசியில் ஒரு வாக்கு வாங்கினாள். டாய்லெட்டுக்கு அப்பா தானாகப் போய்த் தானாக வந்துவிட்டால் அவர் வீட்டிலேயே இருக்கலாம். முடியாவிட்டால் மறுபேச்சு இல்லை, இல்லம்தான்.

"பிடிச்சு எழுந்திருக்க ஒரு கம்பி இருந்தாப் போதும்னு பயிற்சி குடுக்கிற அம்மா சொல்றாங்க" என்றாள் அக்கா. "இடது கையில நல்ல பலம் இருக்காம். இடது கைப் பக்கம் கம்பி வை. அது போதும்டா எனக்கு. மத்தபடி நீ ஓட்டை உடைசலா விட்டாலும் பரவாயில்ல."

ஓட்டை உடைசலாக விடுவதா? குமிழியிடம் போய்ச் சொல்கிற பேச்சா அது? முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர் அன்று மதியமே கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். ரசமட்டம், மூலைமட்டம், உளி, கொத்துக்கரண்டி, வெட்டும் மெஷின் எல்லாம் சேர்ந்து அந்தப் பை ஒரு சின்னப் பிள்ளையின் கனம் இருக்கும்.

அக்கா வீட்டுக் குளியலறை கோணலுக்குப் பிறந்த கோணல். குறுகலான நீள அறை, குறுக்குச் சுவரில் கதவு. உள்ளே நுழைந்தால் எதிர்ச்சுவர் ஒரு பக்கமாகப் பின்வாங்கிக்கொண்டு போகும், மூன்று விரல் வித்தியாசம். அதில் ஜன்னல் வலது ஓரம். கழிவுக் குழாய் இடது ஓரம், இடது சுவரிலிருந்து ஒன்றேகால் அடியில். கீழ்மாடியில் வேறு ஒரு குடும்பம் குடியிருப்பதால் அந்தக் குழாயை அசைக்க முடியாது. ஆகவே கம்மோடு நடுவில் வராது, இடது சுவரை ஒட்டித்தான் உட்காரும். குமிழி வாசலில் நின்றபடி கண்ணைச் சுருக்கி அறையைப் பார்த்தார். பிறகு சிரித்தார். நல்ல கை இடது கை, கம்மோடு இருப்பதும் இடது சுவர் பக்கம். கையை நீட்டினால் எட்டும் தூரத்தில் கம்பி. இந்தக் கோணல் அறை வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவருக்குக் கைகொடுக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஒன்பது நாள் வேலை. தனியாக. பழைய டைல்ஸை உடைத்து மூட்டையில் கட்டி இரண்டு மாடி இறக்கியதிலேயே பாதி உயிர் போனது. பிறகு சுவர்ப் பூச்சு, நடுக்கோடு, ஜன்னலுக்கு ஜோடியாக இடது ஓரத்தில் ஒரு மாடம். வெளிர்சாம்பல் டைல்ஸ், நடுக்கோட்டின் இருபுறமும் பூவேலை போட்ட இரண்டு பட்டைகள். எதிர்ச்சுவர் பின்வாங்கின மூன்று விரலை அவர் எங்கே கொண்டுபோய் ஒளித்தார் என்று கேட்டால் வேலை தெரிந்தவனாலேயே சொல்ல முடியாது. இடது சுவரில் செங்கல்வரை துளைபோட்டு, பளபளவென்று ஒரு கம்பியை ரசமட்டம் வைத்து மாட்டினார். தன் எடை முழுவதையும் போட்டுத் தொங்கிப் பார்த்தார். அசையவில்லை.

முழங்கால் வீங்கிப் பந்தாகிவிட்டது. ஆனாலும் வாசலில் நின்று அந்த எதிர்ச்சுவரைப் பார்த்தபோது அவருக்கு ஒரு சந்தோஷம் வந்தது. இவ்வளவு ஒழுங்காக அவரே இதுவரை செய்ததில்லை. போட்டோ எடுத்துக் கூட வேலை செய்கிறவர்களுக்கு அனுப்பினார். கட்டைவிரல் படங்கள் வந்து குவிந்தன. ஒருவர் மட்டும், "குமிழி அண்ணே, இது பாத்ரூமா இல்ல நகைக்கடையா?" என்று கேட்டிருந்தார். அதை அவர் அக்காவிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டினார்.

வியாழக்கிழமை அத்தான் வந்தார். தையற்காரர் அல்லவா, எப்போதும் மடிப்புக் கலையாத சட்டையோடு இருந்த மனிதர். இப்போது சட்டை தோளிலிருந்து நழுவியது. பொத்தானை அக்கா ஒன்று தள்ளிப் போட்டிருந்தாள். அவர் கண் அதன்மேலேயே இருந்தது, சொல்ல முடியவில்லை அல்லது சொல்ல விரும்பவில்லை. கைத்தடியை இடது கையில் ஊன்றி, காலை இழுத்து இழுத்து வந்து குளியலறை வாசலில் நின்றார்.

"நல்லா... இருக்கு மச்சான்" என்றார். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து விழுந்தது.

"சும்மா ஒரு தடவை உக்காந்து எழுந்து பாருங்க" என்றாள் அக்கா.

அத்தான் உள்ளே போனார். கம்மோடை நெருங்கி, அடிமேல் அடி வைத்துத் திரும்பி, எதிர்ச்சுவருக்கு முதுகைக் காட்டி மெல்ல உட்கார்ந்தார். கைத்தடியை ஓரமாகச் சாய்த்தார். பிறகு இடது கையை நீட்டினார்.

கை காற்றைத் துழாவியது. அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. மூன்றே முக்கால் அடி வெறும் தரையும் அதற்கப்பால் வலது சுவரும்தான் இருந்தன. பளபளக்கும் கம்பி மறுபக்கம், ஓய்ந்துபோன வலது கையின் பக்கத்தில் ஜம்மென்று இருந்தது.

குமிழிக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. இடது சுவரில்தானே மாட்டினோம்? வாசலில் நின்று பார்த்தார், அது இடது சுவர்தான். அவர் கையும் அதைத்தான் இடது என்றது. பிறகு எதிரே தன்னைப் பார்த்து உட்கார்ந்திருந்த அத்தானைப் பார்த்தார். அவருக்கு முகம் சுண்டிப்போனது. முப்பது வருடமாகச் சுவரைப் பார்த்து நின்றே வேலை செய்தவருக்கு, அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி ஒருவர் உட்காருவார் என்பது தோன்றவே இல்லை.

அத்தான் வலது கையைப் பார்த்தார். இடது கையால் அதைத் தூக்கிக் கம்பிமேல் வைத்துப் பார்த்தார். துணி நழுவுகிற மாதிரி அது நழுவி மடியில் விழுந்தது. இடது கையைக் குறுக்கே கொண்டுபோய்க் கம்பியைப் பிடித்து எழப் பார்த்தார். உடம்பு முறுக்கிக்கொண்டது, பாதி எழுந்தவர் தொப்பென்று விழப்போனார். அக்கா பாய்ந்துபோய் அக்குளில் கை கொடுத்தாள். அவள் முதுகு சுரீரென்றது வாசலில் நின்றவருக்கே தெரிந்தது.

அந்த நேரத்தில் குமிழி சொன்னதை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும். மனிதர் பார்வை அத்தான்மேல் இல்லை, எதிர்ச்சுவரின் பூவேலைப் பட்டைகள்மேல் இருந்தது.

"வலது கையும் போகப் போகச் சரியாயிடும்ல அத்தான்?" என்றார்.

அக்கா திரும்பினாள். அவளுக்குக் கோபம் வந்து குமிழி பார்த்ததே அபூர்வம்.

"உன் சுவத்துக்காக அவர் கை சரியாகணுமாடா?" என்றாள்.

குமிழி தலையைக் குனிந்துகொண்டார். சிரித்தது அத்தான்தான். ஒரு பக்கம் மட்டும் ஏறின சிரிப்பு.

"எங்க தொழில்ல... முதல் நாளே சொல்லிடுவாங்க" என்றார். "எதிர்ல நிக்கிறவனோட இடது... உன் வலதுன்னு. அதை மறந்தா... பாக்கெட்டு இடம் மாறிப் போயிடும்." சற்று மூச்சு வாங்கினார். "நீ யாருக்கு... அளவு எடுத்தே? சுவத்துக்கா?"

"தப்புதான் அத்தான்" என்றார் குமிழி. முப்பது வருடத் தொழிலில் இந்தச் சொல்லை அவர் அதிகம் செலவு செய்ததில்லை.

மூவரும் கூடத்தில் உட்கார்ந்து யோசித்தார்கள். நாலு காலில் நிற்கும் தாங்கி கடையில் கிடைக்கும், ஆனால் ஈரத் தரையில் வழுக்கும். முதுகுப் பக்கம் இருக்கும் எதிர்ச்சுவரிலிருந்து மடக்கி இறக்கும் கம்பி ஒன்று உண்டு, ஆனால் அந்தச் சுவர் பழைய ஒற்றைக்கல் சுவர், ஓர் ஆளின் பாரத்தைத் தாங்காது. கடைசியில் மிஞ்சியது ஒன்றுதான். கம்மோடுக்கு மறுபக்கம், உட்கார்ந்தவரின் இடது கை எட்டுகிற இடத்தில், தரையிலிருந்து ஒரு குட்டைச் சுவரை எழுப்பி அதன்மேல் கம்பியைப் பொருத்த வேண்டும். அந்த இடம் எது என்று குமிழி அளந்து பார்த்தார். அறையின் நடுக்கோடு. இரண்டு பூவேலைப் பட்டைகளுக்கும் நட்டநடு. அந்த இடத்தைப் பார்த்து அவர் ஒரு பெருமூச்சு விட்டதை அக்கா கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டாள்.

மறுநாள் காலை வேலையை ஆரம்பிக்கும் முன் அத்தான் நாற்காலியை வாசலில் போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டார். "அளவு... நான் எடுக்கிறேன்" என்றார். கழுத்தில் பழைய இஞ்ச் டேப் கிடந்தது.

"அத்தான், நீங்க இருங்க. நான் பாத்துக்கிறேன்."

"நீ பாத்த லட்சணம்... பாத்தாச்சு. போ, உக்காரு."

குமிழி உள்ளே போய், பேண்டோடு, கம்மோடுமேல் உட்கார்ந்தார். எண்ணூறு கம்மோடு நட்டவர், முதல் தடவையாகத் தான் நட்ட ஒன்றில் உட்காருகிறார். அறை வேறு அறையாக இருந்தது. ஜன்னலும் மாடமும் ஜோடியும் ஒன்றும் கண்ணில் படவில்லை, எல்லாம் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. எதிரே கதவு. பக்கத்தில் வாஷ்பேசினின் அடிப்பாகம். அங்கே யாரும் பார்க்கப்போவதில்லை என்று அவரே ஒட்டவைத்த வெட்டுத் துண்டுகள் கதவு மறைவில் வரிசையாக நின்று அவரைப் பார்த்தன.

"வலது கையை... பின்னால கட்டு" என்றார் அத்தான். "இப்ப எழுந்திரு."

குமிழி எழப் பார்த்தார். முழங்கால் இரண்டும் ஒன்றாகக் கத்தின. இடது கை தானாகவே ஒரு பிடி தேடி முன்னால் போனது. பக்கவாட்டில் போகவில்லை. முன்னாலும் கொஞ்சம் மேலேயும் போனது. அத்தான் அதைத்தான் கவனித்தார்.

"அங்க. கை எங்க போச்சோ... அங்க. கம்பி மட்டமா வேணாம். பின்னால தாழ்த்தி... முன்னால தூக்கி வை."

"சாய்வாவா?"

"ஆமா. கோணலா." அத்தானுக்குக் குரல் தெளிந்துகொண்டே வந்தது, தொழில் பேச்சு அவரைத் தேற்றியது போலிருந்தது. "நேரான ஆளை நான் பாத்ததே இல்ல மச்சான். ஒருத்தனுக்கு ஒரு தோள்... இறங்கித்தான் இருக்கும். அவனை நிமித்த முடியுமா? துணியைத்தான்... அவனுக்கு ஏத்த மாதிரி கோணலா வெட்டணும்."

பிறகு குமிழியின் உதவியோடு அவரே உட்கார்ந்து, தன் முழங்கையிலிருந்து தரைவரைக்கும், தோளிலிருந்து விரல்வரைக்கும் டேப்பை இடது கையால் இழுத்து அளவு சொன்னார். மறுமுனையைக் குமிழி பிடித்துக்கொண்டார். சொன்ன அளவுகளைக் குமிழி சாம்பல் டைல்ஸ்மேல் பென்சிலால் எழுதினார். வேறு வீட்டில் யாராவது அப்படி எழுதினால் கையை உடைத்திருப்பார்.

உடைக்கிற வேலை ஒரு மணி நேரம். பதித்த அன்றைக்கு மென்துணியால் துடைத்த டைல்ஸை உளி வைத்து உடைத்தார். முதல் அடிக்கு மட்டும் கை தயங்கியது, அப்புறம் கல் எல்லாம் கல்தான். தரையில் துளையிட்டு இரும்புக் கம்பிகளை நட்டு, கல் கட்டி, கலவை வைத்து மூடினார். அதே சாம்பல் டைல்ஸுக்குக் கடைக்குப் போனபோது அந்த மாடல் தீர்ந்துவிட்டது என்றார்கள். அவர் வீட்டில் வேறு ஒரு வேலையில் மிஞ்சிய கரும்பச்சை டைல்ஸ் பத்துப் பன்னிரண்டு கிடந்தது. அதைத்தான் ஒட்டினார். நகைக்கடை நடுவில் பச்சைப் பெட்டி ஒன்றை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. அதைப் போட்டோ எடுக்கவில்லை.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். கலவை இறுகி ஓர் ஆளின் பாரத்தைத் தாங்க ஐந்து நாளாவது விட வேண்டும். அவசரப்பட்டால் அத்தானோடு சேர்ந்து சுவரும் வந்துவிடும். அந்த ஐந்து நாளும் கட்டில் பக்கத்தில் நடுவே ஓட்டை வைத்து அடியில் சட்டி மாட்டிய நாற்காலி ஒன்றை வைத்துக்கொண்டு, அக்காதான் தூக்கி உட்காரவைத்துத் தூக்கி எழுப்பினாள். குமிழி தினமும் வந்தார், "நான் தூக்குறேன்க்கா" என்றார். அத்தான் ஒப்பவில்லை. மனைவியின் தம்பி அந்த வேலைக்குக் கைகொடுப்பதை அவரால் தாங்க முடியவில்லை. மூன்றாம் நாள் காலையில் அத்தானைக் கிடத்திவிட்டு அக்கா நிமிரப் பார்த்தாள், முடியவில்லை. குனிந்தபடியே சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போய், மேடையில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். குமிழி பின்னாலேயே போனார்.

"என்னாலதான்க்கா" என்றார்.

"உன்னாலதான்" என்றாள் அக்கா, முகத்தைத் தூக்காமல். "அந்தத் தைலத்தை எடு."

அவர் எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு மகன் போன் செய்து, எல்லாம் எப்படிப் போகிறது என்று கேட்டபோது அக்கா, "எல்லாம் முடிஞ்சிடுச்சுப்பா, அவராத்தான் போறார்" என்று வாய்கூசாமல் பொய் சொன்னாள். சொல்லிவிட்டுப் போனைக் கையிலேயே வெகுநேரம் வைத்திருந்தாள். ஆறாம் நாளும் பொய்யாகவே இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. குமிழிக்கும் அதே பயம்தான். கலவையின்மேல் தினமும் தண்ணீர் தெளித்தார், தட்டிப் பார்த்தார், முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். சாய்வாக மாட்டிய கம்பிமேல் பழக்கத்தில் ரசமட்டத்தை வைத்தார். உள்ளே இருந்த காற்றுக் குமிழி ஒரு கோடிக்கு ஓடிப் போய் ஒட்டிக்கொண்டது. ரசமட்டத்தை எடுத்துப் பையில் போட்டுவிட்டார்.

ஆறாம் நாள், காலை பதினொரு மணி. அத்தான் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்து, "போகணும்" என்றார்.

அக்கா வழக்கம்போல அக்குளுக்குக் கையைக் கொண்டுபோனாள். அத்தான் தலையை ஆட்டினார். கைத்தடியை ஊன்றிக் கூடத்தைக் கடந்தார். பத்தடி தூரத்துக்கு இரண்டு நிமிடம் ஆனது. அக்கா பின்னால், அவள் பின்னால் குமிழி, யாரோ பாலத்தில் நடப்பதைப் பார்க்கிற மாதிரி. குளியலறைக்குள் போனவர் திரும்பி நின்று கதவைப் பார்த்தார்.

"கதவை மூடாதீங்க" என்றாள் அக்கா. "சும்மா ஒட்டி வைங்க, போதும்."

கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. இரண்டு மாதமாக அந்த மனிதர் ஒரு கதவையும் தாழ் போட்டதில்லை.

"போட்டுட்டாருடா" என்றாள் அக்கா. கையைப் பிசைந்தாள். பிறகு அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். உள்ளே கால் இழுபடும் சத்தம். கைத்தடி சாய்ந்து தரையில் மடார் என்று விழுந்தது. குமிழி கதவின்மேல் கை வைத்துவிட்டார்.

"ஒண்ணும்... இல்ல" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "தடிதான்."

"உக்காந்துட்டார்" என்றாள் அக்கா, குரலைத் தாழ்த்தி. சற்று நேரம் நின்றாள். "டேய், நீ இங்கயே நிக்கிறியா? நான் ஒரு நிமிஷம் சாயுறேன். ஒரே ஒரு நிமிஷம். கூப்பிட்டார்னா எழுப்பு."

கூடத்துச் சோபாவில் போய்ச் சாய்ந்தாள். காலைக்கூட மேலே தூக்கி வைக்கவில்லை. குமிழி கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் அவள் வாய் லேசாகத் திறந்துவிட்டது. பகல் பதினொரு மணிக்கு, ஜன்னல் வெயில் முகத்தில் விழ, அவர் அக்கா அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள்.

குமிழி நின்றார். முழங்கால் உட்காரச் சொன்னது, அவர் உட்காரவில்லை. உள்ளே ஒரு முனகல், நீண்ட ஒரு மூச்சு. அந்தக் குட்டைச் சுவர் தாங்குகிறதா என்று அவர் காதாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தண்ணீர் இறங்கும் சத்தம். பிறகு வாஷ்பேசின் குழாய். பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. தாழ்ப்பாள் விலகியது.

அத்தான் வந்தார். வேட்டி ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருந்தது. சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர் சோபாவைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். பார்த்துக்கொண்டே நின்றார். குமிழி, அக்காவை எழுப்பிச் சொல்ல வேண்டும் என்று ஓரடி வைத்தார். அத்தான் அவரை முறைத்தார், அவர் அப்படியே நின்றுவிட்டார்.

மேஜைமேல் அக்காவின் போன் அடிக்க ஆரம்பித்தது. மகன். அத்தான் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, இடது கையால் போனை எடுத்து, கட்டைவிரலால் தடவித் தடவி ஒருவழியாக அழுத்திக் காதில் வைத்தார்.

"அப்பாதான்" என்றார். மறுமுனையில் ஏதோ படபடவென்று கேட்டது. "அம்மா... தூங்குறா. எழுப்ப முடியாது. சாயந்தரமா... கூப்பிடு."